வலியுல்லாவின் கை

பக்கவாதம் வந்த பதினோராம் நாள் காலையில், ஆஸ்பத்திரிப் படுக்கையில் தன் பக்கத்தில் யாரோ படுத்திருப்பதாக என் அத்தா சொன்னார். யார் என்று கேட்டேன். வலியுல்லா என்றார். வலியுல்லா அவருடைய தம்பி, எனக்குச் சாச்சா. அவர் மவுத்தாகி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

"எங்க படுத்துக்கினு கீறாரு?"

"இதோ, இந்தப் பக்கம். இடம் பத்தல சாய்மா. கொஞ்சம் நவுந்து படுக்கச் சொல்லு. கை ஜில்லுனு கீது அவனுக்கு."

அவர் கண்ணால் காட்டியது தன்னுடைய இடது கையை. போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேலே பார்த்தபடி அது சும்மா கிடந்தது. எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம் வரும், பிறவிக் குணம். அந்தக் கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இது உங்க கை அத்தா. மோதிரத்தைப் பாருங்க" என்றேன். அவர் உற்றுப் பார்த்தார்.

"என் மோதரத்த அவன் போட்டுக்கினு கீறான்" என்றார். "போட்டுக்கட்டும், வுடு."

மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படி ஆகுமாம். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். கை இருக்கும், ரத்தம் ஓடும், அது தன்னுடையது என்ற நினைப்பு மட்டும் அறுந்துவிடும். சிலர் அதைப் பக்கத்துக் கட்டில்காரர் கை என்பார்களாம், சிலர் நர்ஸின் கை என்பார்களாம். மெஹபூப் அலி என்கிற என் அத்தாவுக்கு அது செத்துப்போன தம்பியின் கை.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு மந்தைவெளியிலிருந்து அனுப்ரியா என்ற பிசியோதெரபிஸ்ட் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வருவாள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் பத்து நிமிஷம் திட்டிவிட்டு, மேலே வரும்போது சிரித்துக்கொண்டே வருவாள். முதல் வேலையாக அத்தாவின் இடது கையைத் தூக்கி, "அங்கிள், இது யாரோட கை?" என்று கேட்பாள். அத்தா, "வலியுல்லா கை" என்பார். அவள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"கைல பலம் இருக்கு சாய்மா" என்று ஒருநாள் படியிறங்கும்போது சொன்னாள். "இவர்தான் அதைக் கண்டுக்கறதே இல்ல. மூணு மாசத்துக்குள்ள இது என் கைன்னு இவர் வாயால வரணும். அதைத் தாண்டிடுச்சுன்னா ரொம்பக் கஷ்டம். அந்தக் கையை மூளை அப்படியே விட்டுடும்."

அப்போது மூன்று வாரம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. தொழுகையில் கையேந்தினால்கூட அது ஒன்றைத்தான் கேட்டேன். அத்தா அந்தக் கையைத் தன் கை என்று சொல்ல வேண்டும்.

ரப்பர் பந்து கொடுத்தோம். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. களிமண் கொடுத்தோம். காய்ந்து கல்லானது. துணி மாட்டும் கிளிப், குக்கர் வெயிட், என் வளையல், எதையும் அந்தக் கை மதிக்கவில்லை. "கனமா, தட்டையா, கலர் கலரா காயின் மாதிரி ஏதாவது வாங்குங்க. எடுத்து அடுக்கட்டும்" என்றாள் அனுப்ரியா. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டத்துக்கு நடுவே போனில் தேடி, பிளாஸ்டிக் காயின் நூறு என்று போட்டிருந்ததை ஆர்டர் செய்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் தாயக்கட்டை படம். சூதாட்டக் காயின். போக்கர் சிப் என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அது மட்டும் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள் சீட்டு சம்பந்தப்பட்ட ஒரு சாமான் நுழைந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் சாச்சாதான். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேனாம்பேட்டையில் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையை அப்போது அத்தாவும் சாச்சாவும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்த வாரத்தில், லென்ஸ் தேய்க்கிற மெஷின் கடையில் இல்லை என்பதை என் தாத்தா கண்டுபிடித்தார். அது அடகுக்குப் போயிருந்தது. தி. நகரில் ஏதோ ஒரு கிளப்பில் சீட்டாடித் தோற்றதாகவும், அடகு வைத்தது தான்தான் என்றும் சாச்சா எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். தாத்தா அன்றைக்கே அவரையும் அவர் மனைவி அமீனா சாச்சியையும் மூன்று வயது மகன் ஆசிஃபையும் வீட்டை விட்டு அனுப்பினார். சாச்சா சாந்தோமில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஆட்டோ ஓட்டி, நாலே வருஷத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

ஆசிஃபுக்கு இப்போது முப்பது வயது. கே.கே. நகரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் எவனோ சூதாடி மகன் என்று சொன்னதிலிருந்து, பெயருக்கு முன்னால் தன் அத்தாவின் எழுத்தை எடுத்துவிட்டு அம்மாவின் எழுத்தைப் போட்டுக்கொண்டவன். சாச்சாவை அடக்கிய கபருஸ்தான் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை.

பெட்டியை ஒளித்துவைக்கத்தான் நினைத்தேன். அனுப்ரியா அதற்குள் பார்த்துவிட்டாள். "சூப்பர், இதான் நான் சொன்னது" என்று ஐந்து காயினை எடுத்து அத்தாவின் இடது உள்ளங்கையில் அடுக்கினாள். பந்துக்கு மடங்காத விரல்கள் மடங்கின. கட்டை விரல் மெல்ல ஏறி, அடுக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு காயினாகக் கீழே விட்டது. டிக், டிக், டிக். அனுப்ரியா கைதட்டினாள். எனக்குக் கைதட்ட வரவில்லை. அத்தா தலையைத் திருப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாடுவதைப் பார்க்கிற மாதிரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் மறக்கல பாரு" என்றார். பிறகு முகம் சுருங்கியது. "ஐயோ, அவனுக்கு ரத்தம் வருது. ஏதாவது போட்டு வுடு சாய்மா."

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கீறிப்போய் போர்வையில் சிவப்பாகச் சொட்டியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. மருந்து வைக்கும்போது அவர் பட்ட இரக்கம் முழுக்கத் தம்பிக்கானது.

காயினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பிளாஸ்டிக்கை இரண்டு அச்சுக்கு நடுவில் ஊற்றி எடுப்பார்கள். அச்சுகள் சேருகிற கோட்டில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பிசிறு நின்றுவிடும். கையில் உணர்ச்சி இருந்தால் சுருக்கென்று தெரியும், எடுத்துவிடுவோம். மரத்த கை அறுபட்டுக்கொண்டே விளையாடும்.

விளிம்பு எனக்குத் தெரிந்த விஷயம். ஃபிரேமுக்கு ஏற்ற மாதிரி லென்ஸை வெட்டி முடித்ததும் அதன் ஓரத்தைச் சுழலும் சாணைக் கல்லில் ஒரு சுற்று லேசாகத் தொட்டு எடுப்போம். அந்த ஒரு சுற்று இல்லாவிட்டால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும், கன்னத்தையும் கீறும். அந்தத் தைரியத்தில் மறுநாள் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் முதல் காயினை அதே கல்லில் வைத்தேன். அவசர புத்தி. பிளாஸ்டிக் உருகி, பிசிறு இருந்த இடத்தில் சுருட்டை சுருட்டையாக ஒரு மீசை முளைத்தது. நாற்றம் வேறு. ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள்.

பிறகு நிதானமானேன். எமரி என்கிற நைஸான உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காயினைச் சாய்வாகப் பிடித்து உருட்டினேன். மேல் விளிம்புக்கு இருபது சுற்று, கீழ் விளிம்புக்கு இருபது, நடுக்கோட்டுக்குப் பத்து. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கீழ் உதட்டில் வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன். எமரி பிடித்த விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முடியும். தேய்த்ததை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு மதியம் வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

மதியத்தில் அமீனா சாச்சி இருப்பாள். என் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது; அத்தாவுக்கு இப்படி ஆனதும், யாரும் கூப்பிடாமலே சாச்சி வர ஆரம்பித்தாள். மெட்ரோ வேலைக்காகப் பஸ்ஸை எங்கெங்கோ சுற்றிவிடுகிறார்கள் என்று, மதிய லுஹர் தொழுதுவிட்டுச் சாந்தோமிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். வீட்டை விட்டு அனுப்பியவர்களுக்கு எதற்கு இவ்வளவு செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க அத்தா இன்னா பண்ணாரு பாவம்? அனுப்புனது உங்க தாத்தா" என்றாள். "மாசா மாசம் அரிசி மூட்டை அனுப்புனது மச்சான்தான்."

இந்தக் கை விவகாரத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். மூன்றாம் நாள் நாற்காலியைக் கட்டிலின் இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அத்தாவைப் பார்க்காமல் அந்தக் கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆசிஃபுக்குப் பொண்ணு பொறந்துகீது, தெரியுமா?" என்று கையிடம் சொன்னாள். "சிம்ரான்னு பேரு. மூக்கு உங்க மூக்கு. கோவமும் உங்க கோவம்."

அத்தா கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவாள், இடது கைக்கு மட்டும்; வலது கை என் தலையில். சந்தில் தண்ணீர் லாரி வராதது, வீட்டுக்காரன் வாடகை ஏற்றியது, முட்டி வலி, எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்தாக வேண்டும். பேசிக்கொண்டே காயினை எடுத்து வைப்பாள். கை வாங்கி அடுக்கும், கட்டை விரலால் டிக் டிக்கென்று விடும். அத்தா கண்ணைத் திறக்காமலே சில நாள், "கேட்டுக்கினு கீறான்" என்பார்.

அனுப்ரியாவுக்கு இது பிடிக்கவில்லை. "அவங்க பேசப் பேச இவருக்கு அது இன்னும் அவர் தம்பி கையாத்தான் ஆகும். நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். அவள் சொல்வது நியாயம். எனக்கும் உள்ளுக்குள் எரிந்தது. ஐம்பது நாள் ஓடிவிட்டது. இந்தப் பக்கம் நான் அத்தாவின் கையை மீட்க எமரியில் விரல் தேய்கிறேன், அந்தப் பக்கம் சாச்சி அதைத் தன் புருஷனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே படபடவென்று கேட்டுவிட்டேன்.

"அது அத்தா கை சாச்சி. செத்தவங்க கை இப்படியெல்லாம் வராது."

"தெரியும்டி. எனக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். குரலே ஏறவில்லை. "இருவத்தி மூணு வருசம் கழிச்சி, அவரு பேரச் சொல்லி ஒருத்தர் எங்கிட்ட ஒரு கைய நீட்டுனா, நான் புடிக்காம எப்புடிடி இருப்பேன்?"

அதற்குமேல் தடுக்க மனசு வரவில்லை.

ஒருநாள் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாடிப்படியிலேயே டிக் டிக் சத்தம் கேட்டது. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சாச்சி நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தாவும் வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கை மட்டும் விழித்திருந்தது. போர்வையின் மேல் பத்துக் காயின் ஒரே அடுக்காக இருந்தது. விரல்கள் அதன்மேல் கவிந்து, நடுவில் பிரித்து, பக்கத்தில் வைத்தன. ஐந்து, ஐந்து. பார்க்காமல், எண்ணாமல். பிறகு இரண்டு விரலால் ஓர் அடுக்கை முன்னால் தள்ளின. அங்கே யாரோ எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெயில் அடிக்கிற நேரத்தில் என் வீட்டுக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து கடையிலும் அது என்னை விடவில்லை. எமரியில் காயின் உருளும் சத்தத்துக்கு அடியில் அந்த டிக் டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது என் கட்டை விரல் தானாகக் காயினை விட்டுக்கொண்டிருப்பதை ஒருவர் கவனித்துச் சிரித்தார். தேய்ப்பதை நிறுத்திவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். நிறுத்தினால் கை மறுபடி செத்துவிடும். தேய்க்கத் தேய்க்க, அது யாருக்கோ உயிர் பெற்றுக்கொண்டிருந்தது.

ஒருமுறை தவறுதலாகத் தேய்க்காத காயின் ஒன்று டப்பாவில் கலந்துவிட்டது. கை அதை எடுத்தது, கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவியது, கட்டிலுக்கு வெளியே தள்ளிவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி தள்ளியது. மறுநாள் அனுப்ரியாவிடம் சொன்னபோது துள்ளிக் குதித்தாள்.

"அப்போ தொடு உணர்ச்சி வந்துடுச்சு சாய்மா. வலி தெரியுது அவருக்கு." கையைத் தூக்கினாள். "அங்கிள், இது யாரோட கை?"

"வலியுல்லா கை."

மூன்று மாசம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அனுப்ரியா சிரிக்காமல் நோட்டை மூடினாள்.

அன்று மதியம் சாச்சியிடம் கேட்டேன். "சாச்சா ஊட்ல இப்படிக் காயின் வெச்சி வெளாடுவாரா?"

"எங்க? என் முன்னாடி ஒரு நாளும் சீட்டத் தொட்டதில்ல. பசங்க கழுதைச் சீட்டு ஆடக் கூப்டாக்கூட தெரியாதுன்னுடுவாரு. எல்லாம் கிளப்போட சரி போல" என்று சொல்லிக்கொண்டே கைக்கு எண்ணெய் தேய்த்தாள். அத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு டீ வேண்டாம் என்றார்.

கடைசி மூன்று காயினை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தேய்த்து முடித்தேன். உருகிப்போன முதல் காயினைத் தவிர எல்லாம் முடிந்தது. மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது சாச்சி வழக்கமான நைட்டி, துப்பட்டாவில் இல்லை. குளித்து, வெளுத்த வெள்ளைப் புடவை கட்டி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்திருந்தாள்.

"நீயும் உக்காரு சாய்மா. ஒரு சாட்சி வேணும்" என்றாள்.

பிறகு கையைப் பார்த்துப் பேசினாள். இறந்தவரின் ஜனாஸாவை எடுக்கும் முன்னால், இவர்மேல் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது வழக்கம். மன்னிக்காமல் விட்டால் போகிறவருக்கு அங்கே பாரம். சாச்சா போன அன்றைக்கு எல்லோரும் மன்னித்தோம் என்றார்கள். தாத்தாகூடச் சொல்லிவிட்டாராம். முக்கியமாகச் சொல்ல வேண்டியவள் சாச்சி. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் மூன்று முறை கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

"சூதாடி என் புள்ளைய நடுத்தெருவுல வுட்டீங்கன்னு எனக்கு அவ்ளோ ஆத்திரம்" என்றாள் கையிடம். "ஒரு வார்த்த சொல்லாமயே உங்கள அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் யார்கிட்ட போயி சொல்றது? இப்ப கை வந்துகீது. சொல்லிடறேன். நீங்க ஆடுனது, தோத்தது, எங்கள வெளிய கொண்டாந்தது, எல்லாத்தையும் அல்லாவுக்காக நான் மன்னி..."

கை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது. சாச்சி விடவில்லை.

"வுடு அமீனா" என்றார் அத்தா.

"அவரு கையத்தான் புடிச்சிக்கினு கீறேன். உங்களுக்கு இன்னா மச்சான்?"

"அது என் கை."

இரண்டு மாசத்துக்கு மேலாக நான் அல்லாஹ்விடம் கேட்டது அந்த மூன்று வார்த்தைதான். வந்துவிட்டது. அத்தா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நோய் வந்த நாளிலிருந்து பார்க்காத விதமாக.

"என் கைம்மா. சீட்டு வலது கைல, காயின் இதுல. ரெண்டு வருசம் ஆடுனேன். வலியுல்லாவுக்குச் சீட்டே புடிக்கத் தெரியாது."

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மெஷினை அடகு வைத்தது அவர். தாத்தாவுக்குத் தெரிந்த அன்றைக்கு என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் பிறந்து மூன்று நாள்; அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல், பிழைப்பாளா என்பதே சந்தேகமாக இருந்திருக்கிறது.

"அண்ணிக்கு இது தெரிஞ்சா உசுரு தாங்காது, ஒரு வாரம் நான் ஏத்துக்கறேன், அண்ணி ஊட்டுக்கு வந்ததும் நீயே அத்தாகிட்ட சொல்லிடுன்னான் வலியுல்லா. சரின்னேன். அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாருன்னு ரெண்டு பேரும் நெனைக்கல." மூச்சு வாங்கினார். "ஒரு வாரம் கழிச்சி சொல்ல வாய் வரல. அப்புறம் ஒரு மாசம். அப்புறம் ரமலான் போவட்டும்னு நெனைச்சேன். அவன் ஒரு தடவகூட வந்து கேக்கல அமீனா."

நான் ஆஸ்பத்திரித் தொட்டிலில் கிடந்த அந்த மூன்றாம் நாளை நினைத்துப் பார்த்தேன். ஒரு குடும்பம் தெருவுக்குப் போனதில் எனக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. இருபத்தேழு வருஷம் அது தெரியாமல் பெருநாள்தோறும் சாச்சி கையால் பிரியாணி வாங்கித் தின்றிருக்கிறேன். அத்தாவைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது.

சாச்சி அந்தக் கையை மெதுவாகப் போர்வையின் மேல் வைத்தாள். எண்ணெய் பட்ட தன் உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நாலு வருசம் பக்கத்துல படுத்துக் கெடந்தாரு" என்றாள். "எங்கிட்டகூடச் சொல்லல. நானும் நாலு வருசம் தெனம் திட்டுனேன். தட்ட வெக்கும்போது திட்டுவேன். காமாலைல கண்ணு மஞ்சளா கெடந்தப்பகூடத் திட்டுனேன். கேட்டுக்கினே இருந்தாரு மச்சான். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் இல்லடின்னு சொல்லியிருக்கலாம்."

அத்தாவின் இடது கை போர்வையின் மேல் நகர்ந்து அவள் பக்கம் போனது. நன்றாகவே நகர்ந்தது. அனுப்ரியா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். சாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிடுன்னு கேக்கப் போறீங்களா?"

"கேக்க மாட்டேன்" என்றார் அத்தா.

"கேக்காதீங்க. நான் மன்னிப்பு கேக்கறதுக்கே அவரு இல்ல" என்றாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து நம்பரை அழுத்தினாள்.

"ஆசிஃபு, வண்டி ஓட்டிக்கினு கீறியா? ஓரமா நிறுத்து. நிறுத்திட்டியா? இறங்கி எங்கனாச்சும் உக்காரு. சொல்றதக் கேளு. உங்க அத்தா சீட்டாடலடா." அந்தப் பக்கம் என்னவோ கேட்டான். "ஆமா. மெஷின வெச்சதும் அவரு இல்ல. பெரியத்தா. அவர் வாயாலயே சொல்லிட்டாரு, இப்பத்தான். எனக்கு ஒண்ணும் ஆவல. நான் நல்லாத்தான் கீறேன்."

அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள். "அவரு வாயால கேக்கணுமாம்."

போனை வாங்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். அத்தா வலது கையை நீட்டினார். நான் அதில் கொடுக்கவில்லை. கட்டிலைச் சுற்றி இடது பக்கம் வந்து, அந்த உள்ளங்கையைத் திருப்பி, போனை அதில் வைத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிப் பிடித்தன. கனத்தில் மணிக்கட்டு ஆடியது. போன் சரியப் பார்த்தது. உதவிக்கு வலது கை வந்தது. அதை எட்டிப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இடது கை தனியாக, மெல்ல மெல்ல, காதுவரை ஏறியது. ஆசிஃப் நின்ற ரோட்டில் பஸ் ஹாரன் அடிப்பது போன் வழியாக எனக்கே கேட்டது.

"ஆசிஃபு" என்றார் அத்தா. "பெரியத்தா பேசறேன்."